பனியன் யூனிட்டில் தரச் சோதனையை எங்கே வைப்பது? நான்கு இடங்களும் ஒரு கணக்கும்

திருப்பூரில் 60 மிஷின் ஓடும் ஒரு யூனிட்டை எடுத்துக்கொள்வோம். 20 மிஷின் வீதம் 3 லைன். சாதாரண ரவுண்ட் நெக் டி-சர்ட் ஓடினால் லைனுக்கு 600 பீஸ், நாளொன்றுக்கு மொத்தம் 1,800 பீஸ் என்று வைத்துக்கொள்ளலாம். நூல் மில்லில் இருந்து வருகிறது. நிட்டிங் ஒருவரிடம், டையிங் இன்னொருவரிடம், காம்பாக்டிங் (துணியின் அகலத்தையும் சுருக்கத்தையும் சரிப்படுத்தும் கடைசி வேலை) வேறொருவரிடம். இப்படி ஜாப் ஒர்க்கில், அதாவது வெளியாரிடம் கூலிக்குக் கொடுத்து, சுற்றிவிட்டு வந்த துணியைத்தான் இந்த யூனிட் வெட்டித் தைத்து பேக் செய்கிறது. தரம் பார்க்க மாதாமாதம் செலவழிக்கக்கூடிய பணத்துக்கு ஓர் எல்லை உண்டு. அந்தப் பணத்தை எந்த இடத்தில் போடுவது என்பதுதான் இங்கே கேள்வி.

இடங்கள் நான்கு. வெட்டுவதற்கு முன் துணியிலேயே பார்ப்பது. தைக்கும்போதே லைனுக்குள் ஒரு க்யூ.சி. (தரம் பார்க்கும் ஆள்) சுற்றி வந்து பார்ப்பது. தைத்து முடிந்த ஒவ்வொரு பீஸையும் செக்கிங் டேபிளில் பார்ப்பது. பேக்கிங் முடிந்தபின் வெளி ஆளை வைத்து ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் செய்வது. பெரும்பாலான யூனிட்களில் பணம் கடைசி இரண்டில்தான் போகிறது. ஆட்கள் அங்கே கண்ணுக்குத் தெரிகிறார்கள், பையர் (சரக்கு வாங்கும் நிறுவனம்) கேட்கும் காகிதமும் அங்கேதான் கிடைக்கிறது. எங்கள் கணக்கு இதற்கு நேர்மாறாக வருகிறது. பின்னாலிருந்து முன்னால் போனால் அது எப்படி என்று விளங்கும்.

வெளி ஆள் பார்க்கும் ஃபைனல்

எஸ்.ஜி.எஸ்., இன்டர்டெக், பீரோ வெரிட்டாஸ் போன்ற நிறுவனத்தின் ஆளோ, பையிங் ஆபீஸின் க்யூ.சி.யோ வருவார். தையல் முழுதும் முடிந்திருக்க வேண்டும், குறைந்தது 80% சரக்கு பெட்டியில் ஏறியிருக்க வேண்டும் என்பது வழக்கம். எத்தனை பெட்டியைத் திறப்பது என்பதற்கு மொத்தப் பெட்டி எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை எடுப்பார்கள். 100 பெட்டி என்றால் 10. எத்தனை பீஸ் என்பதற்கு ஐ.எஸ்.ஓ. 2859-1 அட்டவணை. இந்தியத் தரநிலையில் இதுவே ஐ.எஸ். 2500. பொது நிலை 2-இல், 3,201 முதல் 10,000 பீஸ் வரையுள்ள ஆர்டருக்கு 200 பீஸ் எடுக்க வேண்டும். மேஜர் குறைக்கு ஏ.க்யூ.எல். (ஏற்கத்தக்க தர எல்லை) 2.5 என்றால் 10 வரை பாஸ், 11 வந்தால் ஃபெயில். மைனருக்கு 4.0 என்றால் 14 வரை பாஸ், 15 ஃபெயில். உடைந்த ஊசி போன்ற கிரிட்டிகல் குறை ஒன்றுகூட இருக்கக் கூடாது.

2.5 என்பதைப் பலர் "டேமேஜ் 2.5%க்கு மேல் இருந்தால் பிடிபட்டுவிடும்" என்று புரிந்துகொள்கிறார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. 5,000 பீஸ் ஆர்டரில் உண்மையாகவே 5% மேஜர் குறை, அதாவது 250 பீஸ், இருக்கிறது என்று வையுங்கள். 200 பீஸ் எடுத்தால் சராசரியாக 10 வரும். 10 வரை பாஸ். இப்படிப்பட்ட சரக்கு 100 தடவை இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போனால் ஏறக்குறைய 58 தடவை பாஸாகிவிடும். குறை 8% இருக்கும் சரக்குகூட 100க்கு 7 அல்லது 8 தடவை தப்பிவிடும். குறை 2.5% மட்டுமே உள்ள நல்ல சரக்கு அநேகமாக எப்போதும் பாஸ். ஆகவே பாஸ் ரிப்போர்ட் சொல்வதெல்லாம், சரக்கு படுமோசமாக இல்லை என்பதை மட்டும்தான். அதை நம்பி அனுப்பிய 250 பீஸ் கடையில் திரும்பினால் டெபிட் நோட் (பையர் பில்லில் பிடிக்கும் தொகைக்கான சீட்டு) வரும். அப்போது அந்த ரிப்போர்ட்டைக் காட்டிப் பயனில்லை. விற்பவரின் பொறுப்பு இதனால் நீங்காது என்று பெரும்பாலான ரிப்போர்ட்டுகளிலேயே சின்ன எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள்.

இந்த முறை பிறந்த இடத்தைப் பார்த்தால் இதில் வியப்பில்லை. அமெரிக்க ராணுவம் தனக்கு வரும் தளவாடங்களை ஏற்பதா, திருப்புவதா என்று முடிவெடுக்க வைத்திருந்த அட்டவணைகளின் வழி வந்தது இது. 1950இல் மில்-ஸ்டாண்டர்ட் 105 என்ற பெயரில் வெளிவந்தது. வாங்குபவர் தன்னைக் காத்துக்கொள்ளச் செய்த கருவி. தயாரிப்பவரின் டேமேஜைக் குறைப்பது அதன் வேலையே அல்ல.

ஃபெயிலானால் வரும் செலவையும் சேர்க்க வேண்டும். எல்லாப் பெட்டியையும் பிரித்து, பாலிபேக்கிலிருந்து எடுத்து, பார்த்து, மறுபடி அயர்ன் செய்து, கிழிந்த பார்கோடு ஸ்டிக்கரை மாற்றி, மறு இன்ஸ்பெக்‌ஷனுக்குக் கட்டணம் கட்ட வேண்டும். இதற்குள் கப்பலின் கட்-ஆஃப் தேதி போய்விட்டால் ஏர் ஷிப்மெண்ட். அந்த ஆர்டரின் லாபம் அதோடு முடிந்தது.

அப்படியானால் வெளி ஆளே வேண்டாமா? பையர் கேட்டால் செய்தே ஆக வேண்டும். பையர் கேட்காதபோது சொந்தக் காசில் செய்யத்தகும் சந்தர்ப்பம் இரண்டு. ஒன்று, தையலையே வெளி யூனிட்டுக்கு ஜாப் ஒர்க்காகக் கொடுத்திருக்கும்போது. இன்னொன்று, புதிய பையரின் முதல் ஆர்டர். மற்றபடி இது கண்காணிப்புக்காகும் செலவு, தரத்துக்காகும் செலவு அல்ல.

செக்கிங் டேபிள்

ஒரு டி-சர்ட்டை ஒழுங்காகப் பார்க்க ஒரு நிமிடம் பிடிக்கும். கழுத்தில் தொடங்கி, தோள், கை, பக்கத் தையல், கீழ் மடிப்பு என்று முன்பக்கம், திருப்பிப் பின்பக்கம், உள்ளே புரட்டித் தையல். லைனுக்கு 600 பீஸ் என்றால் 2 பேர், நெருக்கடியில் 3 பேர். மூன்று லைனுக்கும் சேர்த்து 6 முதல் 9 பேர். நான்கு வழிகளில் அதிகம் ஆள் கேட்பது இதுதான்.

இது பிடிக்கும் குறைகள் தெளிவானவை: எண்ணெய்க் கறை, ஓட்டை, விட்ட தையல், கோணிய லேபிள், வெட்டாமல் தொங்கும் பிசிறு. பிசிறு வெட்டும்போது கத்தரி பட்டு விழும் ஓட்டையும் இங்கேதான் அகப்படும். அது தையலுக்குப் பிறகு வருவது என்பதால், முன்னால் எத்தனை காவல் போட்டாலும் இந்த டேபிளை அடியோடு எடுத்துவிட முடியாது.

இது பிடிக்காதவையும் உண்டு, அவைதான் விலை கூடியவை. ஊசி வெட்டு ஒன்று. தையலை ஒட்டி ஊசி துணியின் நூலை அறுத்துவிடும்; துணி சும்மா கிடக்கும்போது தெரியாது, ஒரு துவைப்புக்குப் பின் சின்னச் சின்ன ஓட்டையாக வரிசையில் திறக்கும். தையலை இரண்டு கையாலும் குறுக்காக இழுத்துப் பார்த்தால்தான் தெரியும், ஒரு நிமிடக் கெடுவில் யாரும் அப்படி இழுப்பதில்லை. துவைத்தபின் சுருங்குவது, பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு முன்னால் வருவது, சாயம் ஒட்டுவது ஆகியவையும் டேபிளில் கண்ணுக்குத் தெரியாது. அளவு பார்ப்பதும் தனி வேலை. டேப் எடுக்காத செக்கரிடம் அளவுக்குறையைப் பிடிக்கச் சொல்லிப் பயனில்லை.

100% செக்கிங் என்பது 100% பிடிப்பதும் அல்ல. மதியத்துக்கு மேல் கண் சலித்துவிடும், ஷிப்மெண்டுக்கு முந்தைய இரவில் சொல்லவே வேண்டாம். இதற்கு மருந்தாகச் சில யூனிட்களில் இரண்டாவது செக்கிங் வைப்பார்கள். பல நேரம் அது நிலைமையைக் கெடுக்கிறது: அடுத்தவள் பார்த்துக்கொள்வாள் என்று முதல் ஆளும், முன்பே பார்த்தாயிற்று என்று இரண்டாம் ஆளும் விட்டுவிடுவார்கள். கூடுதல் ஆளைப் போடுவதைவிட, எந்த ஆபரேஷனில் எத்தனை குறை என்று கோடு போட ஒரு தாளைக் கொடுப்பது மேல். அந்தத் தாள் இல்லாத டேபிள் நல்லதையும் கெட்டதையும் பிரிக்கும், அவ்வளவுதான். அதே குறை நாளைக்கும் அதே மிஷினிலிருந்து வரும்.

லைனுக்குள் சுற்றும் க்யூ.சி.

20 மிஷினுக்கு ஓர் ஆள். ஒவ்வொரு டெய்லரும் தைத்து முடித்த கட்டிலிருந்து 7 பீஸ் எடுத்து, அவர் செய்த ஆபரேஷனை மட்டும் பார்ப்பது. 7இலும் குறை இல்லையென்றால் மிஷினில் பச்சை அட்டை. ஒரு குறை என்றால் மஞ்சள், டெய்லரிடம் காட்டிச் சரிசெய்து சீக்கிரமே திரும்ப வந்து பார்ப்பது. அதற்கு மேல் போனால் சிவப்பு, மிஷின் நிற்கும். வண்ண விதி யூனிட்டுக்கு யூனிட் கொஞ்சம் மாறும். 7 பீஸ், குறை பூஜ்யம் என்பதுதான் அடிப்படை. ஒரு ஆபரேஷனைப் பார்க்க 25 நொடி என்றால் 7 பீஸுக்கு 3 நிமிடம். எழுதுவதும் நடப்பதும் சேர்த்து 4. இருபது மிஷினைச் சுற்றி வர 80 நிமிடம். திரும்பப் பார்க்க வேண்டியதையும் கணக்கில் வைத்தால் ஷிப்டுக்கு 4 சுற்று ஆகும்.

7 பீஸில் என்ன தெரிந்துவிடும் என்று கேட்பார்கள். ஒரு டெய்லரின் தையலில் 10% குறை இருந்தால், ஒரு சுற்றில் குறைந்தது ஒன்றாவது அகப்பட வாய்ப்பு 52%. நான்கு சுற்றில், அதாவது 28 பீஸில், 95%. குறை 3% மட்டுமே என்றால் நான்கு சுற்றில் 57%தான். அதாவது, மோசமான மிஷின் அன்றைக்கே மாட்டிக்கொள்ளும், ஓரளவு நல்ல மிஷினில் எப்போதாவது வரும் குறை நழுவும். நழுவுவதைப் பிடிக்கத்தான் டேபிள் இருக்கிறது. இரண்டையும் ஒன்றுக்கொன்று மாற்றாக நினைப்பதே தவறு.

பெரிய ஆதாயம் வேறொன்றில். தோள் இணைக்கும் ஓவர்லாக் மிஷினில் லூப்பர் (கீழ் நூலைக் கோக்கும் உறுப்பு) தேய்ந்து தையல் விடுகிறது என்று வையுங்கள். மறுநாள் காலை டேபிளில் தெரிந்தால் 600 பீஸ் ஆல்ட்டருக்கு, அதாவது பிரித்துத் திரும்பத் தைக்க. சுற்றும் க்யூ.சி. பிடித்தால், கடைசியாகப் பச்சை கொடுத்த நேரத்திலிருந்து இப்போதுவரை தைத்த 150 பீஸ். இந்த ஆதாயம் கிடைக்க ஒரு நிபந்தனை உண்டு, அதைத்தான் பல இடங்களில் செய்வதில்லை. சிவப்பு அட்டை விழுந்தால், கடைசிப் பச்சைக்குப் பின் தைத்த எல்லாக் கட்டையும் திரும்பக் கொண்டுவந்து பார்க்க வேண்டும். மிஷினைச் சரிசெய்துவிட்டு அந்த 150ஐ அடுத்த ஆபரேஷனுக்கு விட்டுவிட்டால் அட்டை வெறும் அலங்காரம்.

ஊசி வெட்டுக்கும் இதுதான் சரியான இடம். ஓவர்லாக், பேட்லாக் (கீழ் மடிப்பு அடிக்கும் மிஷின்) இரண்டிலும் ஒவ்வொரு சுற்றிலும் 7இல் 2 பீஸையாவது இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வெட்டு தெரிந்தால் முதலில் ஊசி முனை: நகத்தில் உரசினால் கீறல் விழுகிறதா என்று பார்த்து, விழுந்தால் மாற்றுவது. நிட்டட் துணிக்குப் பால் பாயிண்ட் ஊசிதான். மெல்லிய சிங்கிள் ஜெர்ஸி துணியில் 11ஆம் நம்பர் ஓடினால் 9க்கு இறங்குவது. அப்படியும் நிற்கவில்லையென்றால் மிஷின் வேகத்தைக் குறைப்பது. அதற்கும் நிற்காவிட்டால் குறை துணியில்: சாஃப்ட்னர் பிடிக்காமல் காய்ந்து போன துணி. அப்போது சாயப்பட்டறைக்குத்தான் போன் போக வேண்டும்.

இந்த வழி தோற்பதற்குக் காரணம் பெரும்பாலும் கூலி முறை. காண்ட்ராக்டர் பீஸ் ரேட்டில் ஆள் வைத்திருப்பார். மிஷின் நின்றால் அவருக்கு நஷ்டம். ஆல்ட்டருக்குக் கூலி கிடையாது. க்யூ.சி. வரும் நேரம் தெரிந்தால் நல்ல பீஸ் ஏழு மேலே தயாராக இருக்கும். எனவே சுற்று ஒரே நேரத்தில் போகக் கூடாது, கட்டின் நடுவிலிருந்து உருவ வேண்டும். இதைவிட முக்கியம், அந்த க்யூ.சி. புரொடக்‌ஷன் மேனேஜருக்குக் கீழே இருக்கக் கூடாது. நாள் டார்கெட்டுக்குப் பதில் சொல்ல வேண்டிய ஆளிடமே மிஷினை நிறுத்தும் அதிகாரத்தையும் கொடுத்தால், மிஷின் ஒருநாளும் நிற்காது.

துணி

நான்கில் ஆள் குறைவாகக் கேட்பதும் இதுதான், பெரும்பாலான யூனிட்கள் பாதி மனதோடு செய்வதும் இதுதான். வந்த ரோலில் 10% பார்ப்பது வழக்கம். ஏன் 10% என்று கேட்டால், நேரமில்லை என்பார்கள். நேரத்தைக் கணக்கிடுவோம். ஒரு டி-சர்ட்டுக்கு வேஸ்ட் சேர்த்து 220 கிராம் துணி என்றால் 1,800 பீஸுக்கு 396 கிலோ. 25 கிலோ ரோலில் 16 ரோல். ஒரு ரோலை ஏற்றி, ஓட்டி, குறையைக் குறித்து இறக்க 15 நிமிடம். பதினாறுக்கும் 4 மணி நேரம். ஒரு இன்ஸ்பெக்‌ஷன் மிஷின், இரண்டு ஆள், அரை நாள்: அவ்வளவுதான் மொத்தத் துணியையும் பார்க்க ஆகும் செலவு. டேபிளில் நிற்கும் 9 பேரோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

அளக்க 4 பாயிண்ட் முறை போதும். அமெரிக்கத் தரநிலையான ஏ.எஸ்.டி.எம். டி5430இல் உள்ளது. குறையின் நீளம் 3 அங்குலம் வரை 1 பாயிண்ட், 6 வரை 2, 9 வரை 3, அதற்கு மேல் 4. ஓட்டை 1 அங்குலம் வரை 2, மேலே போனால் 4. ஒரு கஜ நீளத்துக்கு 4 பாயிண்டுக்கு மேல் போடக் கூடாது. பிறகு, மொத்தப் பாயிண்டை 3,600ஆல் பெருக்கி, கஜ நீளத்தையும் அங்குல அகலத்தையும் பெருக்கி வந்த எண்ணால் வகுத்தால் 100 சதுர கஜத்துக்கான பாயிண்ட் கிடைக்கும். 180 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 180 கிராம்), 60 அங்குல ஓப்பன் வித் (வெட்டி விரித்த) துணி 25 கிலோ என்றால் நீளம் சரியாக 100 கஜம் பக்கம் வரும். அதில் 48 பாயிண்ட் விழுந்தால் 28.8. பொதுவாக 40க்கு மேல் போனால் ரோல் திரும்பும். நிட்டட் துணிக்கு 28 அல்லது 20 என்று இறுக்கிக் கேட்கும் பையர்களும் உண்டு. வெட்டி விரிக்காத ட்யூப் துணியாக இருந்தால் இரண்டு பக்கத்தையும் பார்க்க வேண்டும், நேரம் கூடும். வெளிச்சம் 1,000 லக்ஸுக்குக் குறையக் கூடாது. ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்த ரிப்போர்ட் சண்டைக்குத்தான் உதவும்.

பாயிண்ட் எண்ணைவிட, குறை எந்தத் திசையில் ஓடுகிறது என்பது அதிகம் பேசும். நீளவாக்கில் ஒரே இடத்தில் கோடு போல ஓடினால் நீடில் லைன்: நிட்டிங் மிஷினில் ஓர் ஊசி வளைந்தோ தேய்ந்தோ போயிருக்கிறது. ரோல் முழுக்க ஓடும் கோட்டுக்குக் கஜத்துக்கு 4 பாயிண்ட் என்பதால் அந்த ரோல் தானாகவே தோற்றுவிடும். குறுக்குவாக்கில் பட்டை பட்டையாக வந்தால் நூல் லாட் கலந்திருக்கலாம், ஃபீடருக்கு ஃபீடர் இழுவை மாறியிருக்கலாம். இந்தப் பட்டை கோரா (சாயம் ஏற்றாத) துணியில் பல நேரம் தெரியாது, சாயம் ஏறியபின்தான் எழும். அடர் நிறத்தில் வெள்ளைப் புள்ளியாக நின்றால் முற்றாத பஞ்சு. சாயமே ஏறாத மெல்லிய இழை என்றால் பஞ்சுப் பொதியோடு வந்த பாலிபுரொப்பிலீன். கயிறு போல் ஓடிய மடிப்புத் தழும்பும், திட்டுத் திட்டான நிறமும் சாயப்பட்டறைக்குச் சொந்தம். ஒவ்வொரு குறைக்கும் ஒரு முகவரி இருக்கிறது. ரோல் ஸ்டிக்கரில் நிட்டிங் மிஷின் எண், நூல் லாட், டையிங் லாட் மூன்றும் இருந்தால் அந்த முகவரிக்கு அன்றைக்கே சொல்லிவிடலாம்.

அதற்குக் காலக் கெடு உண்டு. வெட்டிய துணிக்குப் பொறுப்பில்லை என்பது இத்தொழிலின் எழுதப்பட்ட விதி, பில்லிலேயே அச்சிட்டிருக்கும். கத்தரி பட்டதும் நிட்டிங், டையிங், காம்பாக்டிங் மூவரின் பொறுப்பும் முடிந்து, எல்லாக் குறையும் யூனிட்டுக்காரரின் தலையில் வந்து விழும். கணக்கு வசதிக்காக ஒரு பீஸில் துணி ரூ.100, தையல் முதல் பேக்கிங் வரை ரூ.50 என்று வைத்தால், ரோலில் பிடித்த ஓட்டைக்கு நஷ்டம் கிட்டத்தட்ட இல்லை, ரோல் திரும்பும். அதே ஓட்டை டேபிளில் பிடிபட்டால் ரூ.150 போச்சு, செகண்ட்ஸ் விலைக்கு விற்றுக் கொஞ்சம் மீட்கலாம். துணிக் குறைக்கு ஆல்ட்டர் கிடையாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். விட்ட தையலைத் திரும்பத் தைக்கலாம், நீடில் லைனை என்ன செய்வது?

கண்ணால் பார்ப்பதோடு நான்கு சின்னச் சோதனைகளும் சேர வேண்டும். இவற்றுக்குப் பெரிய லேப் வேண்டாம், ஜி.எஸ்.எம். கட்டர், நல்ல தராசு, ஒரு வாஷிங் மிஷின், லைட் பாக்ஸ் போதும். கட்டர் வெட்டித் தரும் வட்டம் 100 சதுர செ.மீ.; அது 1.80 கிராம் இருந்தால் 180 ஜி.எஸ்.எம். 5% ஏற்ற இறக்கம் அனுமதி என்றால் 171 முதல் 189 வரை சரி. ஓரம், நடு, ஓரம் என மூன்று இடத்தில் எடுக்க வேண்டும். சுருக்கத்துக்கு 50 செ.மீ. சதுரம் வரைந்து துவைத்துக் காயவைத்து அளப்பது. 50 என்பது 47 ஆனால் 6%, பல பையர்களின் எல்லையான 5%ஐத் தாண்டிவிட்டது. துவைத்த அதே துண்டில் முறுக்கையும் பார்த்துவிடலாம். நிறத்துக்கு ஒவ்வொரு டையிங் லாட்டிலிருந்தும் ஒரு துண்டு வெட்டி, வரிசையாகத் தைத்து, பகல் வெளிச்சத்துக்கான டி65, கடை விளக்கான டி.எல்.84 இரண்டின் கீழும் பார்ப்பது. ஒன்றில் ஒரே நிறமாகத் தெரியும் இரண்டு லாட், மற்றதில் பிரிந்துவிடும். பிரிந்தால் லாட் வாரியாக வெட்டி, லாட் வாரியாகத் தைத்து, லாட் வாரியாகப் பேக் செய்ய வேண்டும். முன்பக்கம் ஒரு லாட்டும் கை இன்னொரு லாட்டும் சேர்ந்துவிட்டால் அதைப் பிரிக்கக் கடவுளாலும் முடியாது.

காம்பாக்டிங்கில் ஒரு தந்திரம் நடக்கும், தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. அகலம் பற்றாமல் வந்த துணியை இழுத்து 60 அங்குலமாக்கி அனுப்புவார்கள். டேப் வைத்தால் அகலம் சரியாக இருக்கும். ஜி.எஸ்.எம். இறங்கியிருக்கும், துவைத்தால் அகலவாக்கில் சுருங்கும். அகலம், எடை, சுருக்கம் மூன்றையும் ஒன்றாகப் பார்த்தால்தான் இது அகப்படும். ஒன்றை மட்டும் பார்ப்பவர் ஏமாறுவார். அதேபோல் ரோலைப் பிரித்த கையோடு வெட்டக் கூடாது. சாதாரணத் துணிக்கு 12 மணி நேரம், லைக்ரா கலந்ததற்கு 24 மணி நேரம் விரித்துப் போட்டுத் தளரவிட வேண்டும். இதைத் தவிர்த்தால், கட்டிங்கில் சரியாக இருந்த அளவு அயர்ன் டேபிளில் குறையும், பழி டெய்லர் மேல் விழும்.

சாயம் ஒட்டாத தன்மை போன்றவற்றுக்கு வெளி லேப் வேண்டும். கோவையில் சிட்ரா என்ற ஜவுளி ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, திருப்பூரிலேயே தனியார் லேப்கள் உண்டு. அடர் சிவப்பு, கறுப்பு, நேவி ஆகிய மூன்றுக்கும் ஈரத்தில் உரசும் சோதனையைத் தவறவிடாதீர்கள். வெள்ளை ரிப் கழுத்தோடு சேரும் ஸ்டைல் என்றால் துவைப்புச் சோதனையும் கட்டாயம்.

எந்த யூனிட்டுக்கு எது

மேலே சொன்ன 60 மிஷின் யூனிட்டுக்கு எங்கள் வரிசை இது: முதலில் துணி முழுவதையும் பார்ப்பது, இரண்டாவதாக லைனுக்கு ஒரு சுற்றும் க்யூ.சி., மூன்றாவதாக டேபிளை மெலிதாக்குவது. வெளி ஆள், மேலே சொன்ன சந்தர்ப்பங்களுக்கு மட்டும். ஆள் கணக்கில் துணிக்கு அரை நாள் 2 பேர், லைனுக்கு 3 பேர், டேபிளில் 9 இருந்த இடத்தில் 5 அல்லது 6. மொத்தச் சம்பளம் பெரிதாக மாறாது. குறை பிடிபடும் இடம் மாறும்.

எல்லோருக்கும் இதே வரிசை பொருந்தாது. ஆர்டரே 300, 500 பீஸ், இரண்டு நாளைக்கு ஒரு ஸ்டைல் மாறும் என்றால் சுற்றும் க்யூ.சி.யின் நான்கு சுற்றுக் கணக்கு வேலை செய்ய நேரமே இருக்காது. அங்கே ஒவ்வொரு மிஷினிலும் முதல் பீஸை, பையர் ஒப்புக்கொண்ட சீல் சாம்பிளோடு வைத்துப் பார்த்து ஒப்புதல் தருவதும், டேபிளில் முழுச் செக்கிங்கும்தான் சரி. பையர் குறிப்பிட்ட மில்லிலிருந்து 4 பாயிண்ட் ரிப்போர்ட்டோடு முடித்த துணி வாங்குபவர்கள் 10% பார்த்தால் போதும். அந்த 10%இல் எண் பொருந்தாவிட்டால் முழுவதையும் பார்ப்பது. தையலை வெளியே கொடுப்பவர்களுக்கு அந்த யூனிட்டிலேயே போய் உட்காரும் சொந்த க்யூ.சி. முக்கியம்; சரக்கு வந்தபின் இங்கே பார்ப்பது, வெட்டியபின் துணி பார்ப்பது போலத்தான்.

குழந்தை உடுப்பு தனிக் கதை. உடைந்த ஊசியின் எல்லாத் துண்டும் கிடைத்துத் தாளில் ஒட்டப்படும்வரை புது ஊசி தரக் கூடாது. பேக்கிங்குக்கு முன் மெட்டல் டிடெக்டர், அதில் சோதனை அட்டையை 9 இடத்தில் வைத்து மணிக்கொருமுறை சரிபார்ப்பு. ஸ்னாப் பட்டன் 90 நியூட்டன் இழுவையை 10 நொடி தாங்க வேண்டும் என்பது பரவலாகக் கேட்கப்படும் அளவு. இங்கே எந்தக் காவலையும் மெலிதாக்கும் பேச்சே கிடையாது.

கேமரா வைத்துத் துணிக் குறை பிடிக்கும் கருவிகளும் வந்துவிட்டன. நிட்டிங் மிஷினிலேயே பொருத்துவது நல்ல யோசனை, ஆனால் அது நிட்டிங்காரர் போட வேண்டிய முதலீடு. துணியை வெளியிலிருந்து வாங்கும் 60 மிஷின் யூனிட் இப்போதைக்கு அதைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை. ஐ.எஸ்.ஓ. 9001 சான்றிதழையும் இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. அது நிர்வாக முறைக்கான சான்று, ஒரு பீஸைக்கூட யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை.

மாற்றத்தை ஒரே வாரத்தில் செய்ய வேண்டாம். முதல் இரண்டு வாரம் டேபிளில் கோடு போடும் தாள் மட்டும். 100 பீஸுக்கு எத்தனை குறை என்ற எண்ணைத் துணிக் குறை, தையல் குறை, கறை, மற்றவை என்று பிரித்து எழுதுங்கள். துணிக் குறை பாதிக்கு மேல் இருந்தால் இன்ஸ்பெக்‌ஷன் மிஷினில் தொடங்குங்கள். தையல் குறை மிகுந்தால் சுற்றும் க்யூ.சி.யில் தொடங்குங்கள். கறை மிகுந்தால் இரண்டும் வேண்டாம். மிஷின் எண்ணெய் கசிவையும் துணி கிடக்கும் தரையையும் பார்த்தால் போதும். டேபிளிலிருந்து ஆளை எடுப்பது, அந்த எண் தொடர்ந்து ஒரு மாதம் 4க்குக் கீழே நின்றபின்தான். புது ஸ்டைல் ஏறும் முதல் மூன்று நாளும் புது டெய்லர் வந்த வாரமும் பழையபடி முழுச் செக்கிங். எடுத்த ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். டேபிளில் ஆறு மாதம் நின்ற பெண்ணுக்கு எந்த மிஷினில் என்ன குறை வரும் என்று சூப்பர்வைசரைவிட நன்றாகத் தெரியும். லைனில் சுற்றும் அட்டையை அவர் கையில் கொடுங்கள்.